அகன்ற விழியும் நலியும் நரம்பும்: குழந்தைகளின் கண் நீர் அழுத்த நோயை மனிதர் அறிந்த வரலாறு

அரபு மொழியில் நீல நிறத்தைக் குறிக்கும் 'ஸுர்கா' என்னும் சொல்லுக்குக் கண்ணோடு நெடுநாளைய உறவு உண்டு. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபுக் கதைகளில் வரும் ஸர்காவுல் யமாமா என்னும் பெண், நெடுந்தொலைவில் வரும் படையையும் கண்டுரைக்கும் கூரிய பார்வை உடையவள். நீலக் கண்ணாள் என்பதே அவள் பெயரின் பொருள். அதே வேரில் பிறந்த சொல் திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயம் 102ஆம் வசனத்தில், மறுமையில் குற்றவாளிகள் ஒன்றுதிரட்டப்படும் நிலையைக் கூறுமிடத்து வருகிறது. அங்கு அச்சொல்லுக்குப் பார்வையற்றோர் என்று விரிவுரையாளர் சிலர் பொருள் கொண்டனர். பார்வை போன கண்ணில் நீலம் பாய்ந்துவிடுவதை அதற்குக் காரணமாகக் காட்டினர். கூரிய பார்வைக்கும் பார்வையிழப்புக்கும் ஒரே சொல் ஆகி வந்த இவ்விந்தை, ஒரு நோயின் வரலாற்றுக்கு நல்ல வாயிலாக அமைகிறது.

இன்றைய அரபு மருத்துவர் கண்புரையை 'அல்மாஉல் அப்யள்', அதாவது வெண்ணீர் என்பர். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயை 'அல்மாஉல் அஸ்ரக்', அதாவது நீல நீர் என்பர். இரண்டும் கண்மணியில் தோன்றும் நிறத்தைக் கொண்டு இடப்பட்ட பெயர்கள். ஆனால் இந்நோயால் அழிவது கண்ணின் முன்புறத்தில் காணும் எதுவுமன்று. பின்புறத்தில், விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பே அழிகிறது. அதை அறிய மனிதருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. பெரியோரிடம் இந்நோய் பெரும்பாலும் முன்புறத்தில் எந்த அடையாளமும் காட்டாமல் நரம்பைத் தின்றுவிடும். கைக்குழந்தைகளிடமோ அது கண்ணின் முன்புறத்திலேயே தெளிவான அடையாளங்களைக் காட்டுகிறது. அவற்றை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், பெற்றோர். ஆகவே இவ்வரலாறு மருத்துவ நூலோர்க்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

பக்தாதின் பாடநூல்

அரபியர் புக்ராத் என்று அழைத்த ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழித் தொகுப்பு, முதியோர்க்கு வரும் பிணிகளை வரிசைப்படுத்துகையில் பார்வை மங்கலோடு 'கிளாகோசிஸ்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வெளிர் நீலமும் பசுமையும் கலந்த கடல் நிறத்தைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. அத்தொகுப்பு 'கிதாபுல் ஃபுஸூல்' என்னும் பெயரில் அரபிக்கு வந்தபோது அவ்விடத்தில் அமர்ந்த சொல்லே ஸுர்கா.

அம்மொழிபெயர்ப்புப் பணியின் தலைமகன் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873). ஹீரா நகரைச் சேர்ந்த கிறிஸ்தவரான இவர், அப்பாஸிய கலீஃபாக்களின் ஆதரவில் ஜாலீனூஸ் எனப்படும் கேலனின் நூல்களைச் சுரியானிக்கும் அரபிக்கும் கொண்டுவந்தார். கண்ணைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தனித்தனியே எழுதியவற்றைத் தொகுத்து 'அல்அஷ்ர் மகாலாத் ஃபில் ஐன்', அதாவது கண்ணைப் பற்றிய பத்துக் கட்டுரைகள் என்னும் நூலை அமைத்தார். கண் மருத்துவத்தை முறைப்படக் கூறும் நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது இதுவே என்பர். மாக்ஸ் மேயர்ஹோஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1928ஆம் ஆண்டு கெய்ரோவில் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.

கேலனைப் பின்பற்றி ஹுனைன் கூறிய கொள்கையின் சாரம் வருமாறு: பார்வையின் முதன்மை உறுப்பு கண்ணின் நடுவிலுள்ள 'ஜலீதிய்யா', அதாவது பனிக்கட்டி போன்ற வில்லை. மூளையிலிருந்து 'அர்ரூஹுல் பாஸிர்' எனப்படும் பார்வை ஆவி, உட்டுளை உடைய நரம்பின் வழியே இறங்கிக் கண்ணை அடைகிறது. அந்நரம்பின் முனை விரிந்து வலைபோல் கண்ணின் உட்புறத்தைத் தழுவி நிற்பதே 'ஷபகிய்யா'. ஷபகா என்றால் வலை. க்ரெமோனா ஊரினரான ஜெரார்ட் 12ஆம் நூற்றாண்டில் இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலை இலத்தீனில் பெயர்த்தபோது வலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டே இதனைச் சுட்டினார். ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் 'ரெட்டினா' என்னும் சொல்லின் பிறப்பு அது. நாம் தமிழில் விழித்திரை என்கிறோம்.

நரம்பில் துளை உண்டென்றும் அதில் ஆவி ஓடுகிறதென்றும் கொண்ட கருத்து பிழையானது. ஆயினும் அதைத் தழுவி எழுந்த ஒரு சோதனை வியக்கத்தக்கது. கண்புரைக்கு ஊசி மருத்துவம் செய்யுமுன் நோயாளியின் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணின் பாவை விரிகிறதா என்று பார்க்க வேண்டும். விரிந்தால் நரம்பின் வழி திறந்திருக்கிறது. மருத்துவம் பலன் தரும். விரியாவிட்டால் நரம்பில் 'சுத்தா', அதாவது அடைப்பு உள்ளது. புரையை அகற்றினும் பார்வை வாராது. பாவை ஒளிக்கேற்பச் சுருங்கி விரிவதற்கு ஆவி காரணமன்று என்பதை இன்று அறிவோம். எனினும் நோய் பாவையிலா, பின்னுள்ள நரம்பிலா என்று பிரித்தறிய வேண்டும் என்ற அடிப்படை சரியானது. இன்றைய மருத்துவர் கைவிளக்கின் ஒளியை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் பாவையின் அசைவை நோக்குவதும் நரம்பின் நிலையை அறிவதற்கே.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனை அடுத்தும் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' இம்மரபைச் செழுமையாக்கியது. கஹ்ஹால் என்னும் சொல் 'குஹ்ல்', அதாவது நம் இல்லங்களில் சுருமா என வழங்கும் அஞ்சனத்தின் பெயரடியாகப் பிறந்து கண் மருத்துவரைக் குறிப்பதாயிற்று. நூல் மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி கண்ணின் அமைப்பையும், இரண்டாவது புலனுக்குத் தெரியும் நோய்களையும், மூன்றாவது புலனுக்கு மறைந்த நோய்களையும் கூறுகிறது. வெளிப்படை, மறைவு என்ற இப்பகுப்பு நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. நரம்பின் நோய்கள் மறைவானவை என்பதை அப்பெருமக்கள் உணர்ந்திருந்தனர். மறைவைத் திறந்து பார்க்கும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை.

ஒளி நுழையும் வழி

பஸராவில் 965இல் பிறந்து ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் மருத்துவத் தொழில் புரிந்தவர் அல்லர். ஆயினும் கண்ணைப் பற்றிய சிந்தனை அவரால் திசை மாறியது. ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாளிர்' நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை அவர் மறுத்தார். பொருள்களிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என நிறுவினார். கண்கூசும் ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்ற எளிய அனுபவத்தையும் சான்றாக எடுத்துக்கொண்டார். அந்நூலை 1083இல் அவருடைய மருமகன் படியெடுத்த பிரதி ஒன்று இஸ்தான்புல்லில் உள்ளது. இரு கண்களும் அவற்றின் நரம்புகள் ஒன்றுகூடும் இடமும் அதில் வரையப்பட்டுள்ளன.

பத்லமியூஸின் கருத்துகளின் மீது ஐயங்களை எழுப்பி அவர் எழுதிய மற்றொரு நூலில், முன்னோர் எழுதியதைக் கற்போர் நல்லெண்ணத்தால் மயங்கிவிடாது ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்துகிறார். ஆயினும் அவரும் ஒளியை உணரும் உறுப்பு வில்லையே என்னும் கேலனின் கூற்றை விட்டு விலகவில்லை. பேரறிஞரின் கண்ணையும் மரபு எவ்வளவு தூரம் வழிநடத்துகிறது என்பதற்கு இது சான்று.

நரம்பின் துளையைத் தேடி அறுத்துப் பார்த்து, அப்படியொன்று தமக்குத் தென்படவில்லை என்று வெசேலியஸ் 1543இல் எழுதினார். ஒளியை உணர்வது விழித்திரையே என்று பாஸெல் நகர மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் 1583இல் கூறினார். வில்லை ஒளியை முறித்து விழித்திரையில் தலைகீழ் உருவத்தை அமைக்கிறது என்று கெப்ளர் 1604இல் கணிதத்தால் காட்டினார். கெப்ளர் பயின்ற ஒளியியலுக்கு அடித்தளம், இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாஸெலில் அச்சேறிய இப்னுல் ஹைதமின் நூலே. இவ்வாறு பார்வையின் இருக்கை முன்னிருந்து பின்னுக்கு, வில்லையிலிருந்து விழித்திரைக்கு நகர்ந்தது. அங்கிருந்து புறப்படும் நரம்பு நலிந்தால் வில்லை எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை என்பது அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

கடினமாகும் கண்

கண்ணின் உள்ளே அழுத்தம் கூடுகிறது என்ற கருத்தும் படிப்படியாகவே தோன்றியது. கெய்ரோவில் வாழ்ந்து 1348ஆம் ஆண்டுக் கொள்ளை நோயில் இறந்த ஷம்சுத்தீன் இப்னுல் அக்ஃபானீ, 'கஷ்ஃபுர் ரைன் ஃபீ அஹ்வாலில் ஐன்' என்னும் நூலில் பாவையின் தலைவலி என ஒரு நோயைக் குறிக்கிறார். கண்ணில் வலி, ஒற்றைத் தலைவலி, பாவை விரிவு, இறுதியில் பார்வையிழப்பு என்று அவர் காட்டும் வரிசை, இன்று திடீர்க் கண் அழுத்த நோய் எனப்படுவதோடு ஒத்துச் செல்வதை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆங்கிலேயரான ரிச்சர்ட் பானிஸ்டர் 1622இல், விரலால் தொட்டால் கண் கடினமாக இருப்பதை இவ்வகைப் பார்வையிழப்பின் அடையாளமாகக் குறித்தார். 1830இல் கிளாஸ்கோ நகரின் வில்லியம் மெக்கன்சி அதையே விரிவாகக் கூறினார்.

1851ஆம் ஆண்டு ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் அமைத்த கண்ணகநோக்கியை உலகுக்கு அறிவித்தார். உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரையையும், நரம்பு புறப்படும் வட்டையும் மருத்துவர் தெளிவாகக் கண்டாராய அது வழி திறந்தது. அலீ இப்னு ஈஸா மறைவானவை என்று பிரித்த நோய்கள் வெளிப்படையாயின. ஆனால் வெளிப்பட்டதை முதலில் கண்டோர் தவறாகக் கண்டனர். வியன்னாவின் எட்வார்ட் யேகரும் பெர்லினின் ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபெயும் 1854ஐ ஒட்டிய காலத்தில், இந்நோயாளரின் நரம்பு வட்டு முன்னோக்கிப் புடைத்திருப்பதாக வருணித்தனர். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் அக்கருவியில் மேடும் பள்ளமும் எளிதில் பிரியா. வேறு கண்களில் உறுதியாகப் பள்ளம் என்று தெரிந்த இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், தாம் புடைப்பு எனக் கருதியது குழியே என்று கிரேஃபெ சில ஆண்டுகளுக்குள் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இறந்தோரின் கண்களை அறுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்த ஹைன்ரிக் முல்லரும் அதை உறுதிசெய்தார். நரம்பு வட்டின் குழிவு இந்நோயின் முத்திரை என்பது இவ்வாறு நிலைபெற்றது. தான் சொன்னதைச் சான்றின் முன் விட்டுக்கொடுத்த கிரேஃபெயின் நேர்மையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி.

காளைக் கண்

குழந்தைகளின் நிலைக்கு வருவோம். அரபுக் கவிஞர் காதலியின் விழியைப் பாலைவனத்துக் காட்டுப் பசுவின் விழிக்கு ஒப்பிடுவர். சுவனத்து ஹூர்களைக் குறிக்கும் 'ஈன்' என்னும் சொல்லும் அகன்ற விழியுடையோர் என்றே பொருள்படும். நம் தமிழ்ப் புலவரும் மான்விழி என்றும் காதளவோடிய கண் என்றும் பாடினர். பெரிய கண் அழகின் இலக்கணமாயிற்று. மருத்துவ நூல்களிலோ அதே உவமை அச்சத்தின் பெயராக வருகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே 16ஆம் நூற்றாண்டில் அளவுக்கு மீறிப் பெருத்த கண்ணைக் காளைக் கண் என்றார். கிரேக்கத்தில் அதே பொருள்படும் 'பஃப்தால்மோஸ்' என்னும் சொல் மருத்துவப் பெயராக நிலைத்தது. பெருத்த கண்ணுக்குக் காரணம் உள்ளழுத்தமே, அதுவும் கண் அழுத்த நோயின் இனமே என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று.

இதன் செயல்முறையை இன்றைய அறிவின்படி சுருங்கக் கூறுவோம். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீரினின்றும் வேறானது. வளர்ந்தோர்க்கு நிமிடத்திற்கு இரண்டு முதல் மூன்று மைக்ரோலிட்டர் அளவில் சுரக்கும் இந்நீர், கருவிழியின் ஓரத்திலுள்ள கோணத்தில் அமைந்த வலைப்பின்னல் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கும். வளர்ந்தோரின் கண்ணில் இயல்பான அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு. கைக்குழந்தைக்கு அதனினும் குறைவு. பிறவிக் கண் அழுத்த நோயில் கருவிலேயே அவ்வடிகால் முழுமையாக உருவாவதில்லை. நீர் சுரக்கிறது, வடிவதில்லை, அழுத்தம் ஏறுகிறது.

விழித்திரையின் உட்புற அடுக்கில் உள்ள நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு நீண்ட இழையை அனுப்புகின்றன. இவ்வாறு ஒரு கண்ணிலிருந்து 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட இழைகள் நரம்பு வட்டில் வந்து கூடி, சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகள் வழியே கண்ணை விட்டு வெளியேறி மூளையை நோக்கிச் செல்கின்றன. அழுத்தம் கூடும்போது இச்சல்லடை பின்னோக்கி வளைகிறது. துளைகள் பிசகி இழைகளை நெரிக்கின்றன. இழையின் வழியே அணுவிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து அணுவுக்கும் ஓயாது சென்று வரும் ஊட்டப் பொருள்களின் போக்குவரத்து தடைப்படுகிறது. மூளையிலிருந்து வரவேண்டிய காப்புப் பொருள் கிட்டாத நரம்பணு தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. இறந்த அணு மீண்டும் தோன்றுவதில்லை. அறுந்த இழையும் மனிதரில் மீண்டும் வளர்ந்து மூளையைச் சேர்வதில்லை. பழையோர் அடைப்பு என்றனர். துளையில் ஆவி அடைபடுவதாக அவர்கள் கருதியது பிழை. ஆனால் வழியொன்று அடைபடுகிறது என்ற மட்டில் அவர்களது சொல் முற்றிலும் பொய்த்துவிடவில்லை.

குழந்தையின் கண் பெரியோரின் கண்ணைவிட நெகிழ்வானது. ஏறத்தாழ மூன்று வயது வரை அழுத்தத்திற்கு ஈடுகொடுத்து அது ஊதுபை போல் விரியும். பிறந்த குழந்தையின் கருவிழிக் குறுக்களவு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். ஓராண்டுக்குள் 12 மில்லிமீட்டரைக் கடந்தால் ஐயுற வேண்டும். விரியும்போது கருவிழிப் படலத்தின் உட்புறத்தில் கீறல்கள் விழுந்து, நீர் ஊறி, கருவிழி மங்குகிறது. ஒளி பட்டால் குழந்தை முகத்தை மறைத்துக்கொள்ளும். கண் நீர் சொரியும். இமைகள் இறுக மூடிக்கொள்ளும். நரம்பு வட்டைத் தாங்கும் திசுவும் நெகிழ்வதால் அதன் குழி பெரியோரிடத்தைவிட விரைவாக அகலும்.

இதே நெகிழ்ச்சியில் ஓர் அருளும் பொதிந்துள்ளது. அழுத்தத்தை விரைந்து தணித்தால் குழந்தையின் நரம்பு வட்டிலுள்ள குழி மீண்டும் சுருங்குவதை மருத்துவர் காண்கின்றனர். பெரியோரிடம் இது அரிது. சுருங்குவது வளைந்த திசு நிமிர்வதால்தான். மடிந்த இழைகள் அதனால் உயிர் பெறா. எனினும் மடியாது நெரிபட்டு நிற்கும் இழைகளுக்கு அது வாழ்வு. நாளும் வாரமும் இங்கு விலைமதிப்புடையவை. மேலும், பார்க்கக் கற்பது மூளை; அது கற்கும் பருவம் முதல் சில ஆண்டுகளே. அப்பருவத்தில் கருவிழி மங்கியோ, கண் நீண்டு கிட்டப்பார்வை மிகுந்தோ தெளிவான உருவம் கிட்டாவிடில், நரம்பு தப்பினாலும் சோம்பேறிக் கண் எனப்படும் குறை நிலைத்துவிடும். ஆகவே அறுவை முடிந்ததும் பணி முடிவதில்லை. மூக்குக் கண்ணாடி, நல்ல கண்ணை மூடிவைத்துப் பயிற்றல், வாழ்நாள் முழுதும் அழுத்தச் சோதனை ஆகியவை தொடர வேண்டும்.

கிரேஃபெ 1857இல் கண்ட அறுவைமுறை பெரியோரின் திடீர் நோய்க்குப் பெரும் பயனளித்தது; குழந்தைகளின் காளைக் கண்ணுக்கு அது பெரிதும் உதவவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இக்குழந்தைகள் பார்வையிழப்பது விதியெனவே கருதப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓட்டோ பார்க்கன், கண்ணின் கோணத்தை வில்லைக் கண்ணாடி வழியே நேரில் பார்த்தவாறு, குறைபட்ட வடிகாலை நுண்ணிய கத்தியால் கீறித் திறக்கும் முறையை 1942இல் விளக்கி எழுதினார். 1960இல் பூரியனும் ரெட்மண்ட் ஸ்மித்தும் தனித்தனியே வெளிப்புறமிருந்து அவ்வடிகாலைத் திறக்கும் வழியைக் கண்டனர். உரிய காலத்தில் கொணரப்பட்ட குழந்தைகளுள் பலர் இம்முறைகளால் பார்வையோடு வளர்கின்றனர். விழித்திரையின் நரம்பிழை அடுக்கு எவ்வளவு மெலிந்துள்ளது என்பதைத் தொடாமலே ஒளியால் அளக்கும் கருவியும் 1991இல் அறிவிக்கப்பட்டது. அமர்ந்து உற்றுப்பார்க்கும் வயதுடைய சிறுவர்க்கு அது பெருந்துணை.

உறவும் மரபணுவும்

பிறவிக் கண் அழுத்த நோய் எங்கும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. மேலை நாடுகளில் 10,000 அல்லது அதற்கும் மேற்பட்ட பிறப்புகளில் ஒன்று எனக் கணக்கிடப்படும் இந்நோய், சவூதி அரேபியாவில் ஏறத்தாழ 2,500இல் ஒன்று, ஆந்திரத்தில் 3,300இல் ஒன்று, ஸ்லோவாக்கியாவின் ரோமா மக்களிடையே 1,250இல் ஒன்று என்று ஆய்வுகள் கூறின. இம்மூன்று மக்களையும் ஒன்றாக இணைப்பது சமயமோ மொழியோ அன்று. நெருங்கிய உறவினருக்குள் அல்லது சிறிய குழுவுக்குள் மணமுடிக்கும் வழக்கமே அது.

1997ஆம் ஆண்டு, துருக்கிக் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகக் குழுவினர், இந்நோய்க்குக் காரணமான சி.ஒய்.பி.1பி1 என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே சவூதிக் குடும்பங்களிலும் பெரும்பான்மைக்கு அதுவே காரணம் என்று தெரியவந்தது. இம்மரபணுவின் பழுதுபட்ட படியைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பெற்ற குழந்தைக்கே நோய் வரும். ஒரு படி மட்டும் உடையவர் நலமாக இருப்பர். தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உடன்பிறந்தாரின் மக்கள் ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தவராதலின், ஒரே பழுதை இருவரும் ஏந்தியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர், ஷரீஅத் அனுமதித்ததை மருத்துவம் தடுக்கலாமா என்று வினவுவர். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது ஆகுமாக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே தம் அத்தை மகளார் ஸைனப் அம்மையாரை மணந்தார்கள். ஆனால் ஆகுமானது வேறு, வலியுறுத்தப்பட்டது வேறு. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா' நூலின் திருமண ஒழுக்கப் பகுதியில், மணமகளிடம் நாடத்தக்க பண்புகளுள் நெருங்கிய உறவினளாய் இராமையையும் ஒன்றாக எண்ணுகிறார். நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் ஓதப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவியும் அதை விரும்பத்தக்கது என்றே குறிக்கிறார். இதற்குச் சான்றாகச் சொல்லப்படும் நபிமொழியின் மூலம் உறுதியானதன்று என்று ஹதீஸ் கலை அறிஞர் எடுத்துரைத்துள்ளனர். ஆகவே அதை நபிகளாரின் வாக்காக நாம் கூறவில்லை. எனினும், உறவு மணத்தால் சந்ததி நலியக்கூடும் என்ற எச்சரிக்கை மேனாட்டிலிருந்து நேற்று இறக்குமதியானதன்று. நம் ஃபிக்ஹு நூல்களிலேயே பல நூற்றாண்டுகளாக இருந்துவருவது.

இதனால் உறவில் மணந்தோரைக் குறை கூறுதல் தகாது. அவர்களின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். உறவில் மணவாதோர்க்கும் இந்நோய் வருகிறது. ஒரு பிள்ளைக்கு இந்நோய் கண்ட குடும்பம் அதை மறைக்காமல், அடுத்த பிள்ளையைப் பிறந்த சில நாள்களுக்குள் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. மரபணு ஆலோசனையும் இன்று கிடைக்கிறது. சவூதி அரசு 2004ஆம் ஆண்டு முதல் சில இரத்த நோய்களுக்குத் திருமணத்திற்கு முந்திய பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஆலிம்கள் நிறைந்த நாட்டில் நடைமுறைக்கு வந்த அவ்வேற்பாடு நம் ஜமாஅத்துகளின் சிந்தனைக்குரியது.

முஹ்தஸிபின் தேர்வு

குழந்தைகளின் கண் நரம்பைக் கெடுப்பது பிறவிக் குறை மட்டுமன்று. வெப்பமும் வறட்சியும் மிக்க நாடுகளில் சிறுவர்க்குக் கண் அரிப்பும் சிவப்பும் தரும் ஒவ்வாமை நோய் ஒன்று பருவந்தோறும் வரும். அதற்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விரைவான ஆறுதல் தருவதால், மருத்துவர் ஒருமுறை எழுதித் தந்த சீட்டைக் கொண்டோ சீட்டே இல்லாமலோ கடையில் வாங்கி மாதக்கணக்கில் இடுவோர் உண்டு. அம்மருந்து சிலருடைய கண்ணின் வடிகாலை மந்தப்படுத்தி அழுத்தத்தை ஏற்றும். இச்சிறுவரின் கண் மூன்று வயதைக் கடந்ததாதலின் பெருக்காது. அடையாளம் ஏதும் காட்டாமல் நரம்பு தேயும். அரிப்பு நின்றது என்று பெற்றோர் மகிழ்ந்திருக்கும் வேளையில் பார்வையின் ஓரங்கள் இருண்டுகொண்டே வரும்.

12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா' என்னும் நூல், அங்காடியைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளைக் கூறுகிறது. கண் மருத்துவரை ஹுனைனின் பத்துக் கட்டுரைகள் நூலைக் கொண்டு முஹ்தஸிப் தேர்வு செய்ய வேண்டும்; கண்ணின் படலங்களையும் நீர்களையும் நோய்களையும் மருந்துகளையும் அறிந்தவரை மட்டுமே தொழில் செய்ய விட வேண்டும். தெருவோரத்தில் கண்ணுக்கு மருந்திடுவோரை நம்பலாகாது, அவர்களின் அஞ்சனங்களையும் கண் மருந்துகளையும் நாடலாகாது என்று அந்நூல் கண்டிப்புடன் எச்சரிக்கிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாகரிகம் கண்ணுக்கு இட்ட காவல் இது. சீட்டின்றிச் சொட்டு மருந்து வாங்கும் நாம் அக்காவலை நாமே தளர்த்திவிடுகிறோம்.

நம் கடமை

குழந்தையின் கண்ணில் நீர் வடிந்தால் அது பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கும். பலருக்குத் தானே சரியாகும். ஆனால் நீர் வடிதலோடு ஒளிக்கு அஞ்சுதல், கருவிழி மங்குதல், ஒரு கண்ணோ இரண்டுமோ வழக்கத்துக்கு மீறிப் பெரிதாதல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் காத்திருத்தல் கூடாது. கண்ணேறு பட்டது என்று ஓதி ஊதுவது அவரவர் நம்பிக்கை. ஓதிய கையோடு கண் மருத்துவரிடம் கொண்டுசெல்வது கடமை. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று பணித்த நபிவழியில் இவ்விரண்டுக்கும் முரண்பாடில்லை.

ஹுனைன் ஒரு கிறிஸ்தவர். இப்னுல் ஹைதம் ஒரு முஸ்லிம். கெப்ளரும் கிரேஃபெயும் வேறு மண்ணினர். மொழி கடந்து கைமாறிய இவ்வறிவில் ஒவ்வொருவரும் முன்னவரிடமிருந்து ஒன்றைப் பெற்று ஒன்றைத் திருத்தினர். அத்திருத்தங்களின் பயன் இன்று நம் வாயிலருகே வந்து நிற்கிறது. தாயின் வயிற்றிலிருந்து ஒன்றும் அறியாதவராய் வெளிவந்த நமக்குச் செவியும் பார்வையும் உள்ளமும் தந்ததை இறைமறை அருட்கொடையாக நினைவூட்டுகிறது. நன்றி செலுத்தத் தெரியாத பச்சிளங்குழந்தையின் பார்வைக்கு அந்நன்றியைச் செலுத்த வேண்டியவர் பெற்றோரே. தொட்டிலில் கிடக்கும் மகவு ஒளியைக் கண்டு முகம் திருப்பினால், அதன் அகன்ற விழியழகைப் புகழ்வதற்கு முன் ஒரு முறை உற்றுப் பார்ப்போமாக.